குரல் நம் வீட்டில், பெயர் எங்கே?

நிலவு நிறைந்த இரவுகளில், சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரையான காலத்தில், காற்றும் அலையும் அடங்கிய வேளை பார்த்துக் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை வாவி நீருக்குள் அமிழ்த்தி மறு நுனியைக் காதோடு சேர்த்து வைத்தால், நரம்புக் கருவியொன்றை யாரோ மெல்ல மீட்டுவது போன்ற ஒலி கேட்கும் என்பது மட்டக்களப்பார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தியாகும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் அதைத் தம் நூலில் பதிந்தார். காரைதீவு தந்த சுவாமி விபுலாநந்தர் 1947இல் வெளிவந்த யாழ் நூலில் அதை நீரரமகளிரின் இசையாகக் கண்டார். இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் அதை ஒலிநாடாவில் பிடித்தார். பாடுவது மீன் என்பாரும் ஊரி என்பாரும் உண்டே தவிர, பாடுவது இன்னதுதான் என்று ஐயம் திரிபற இன்றுவரை தெளியப்படவில்லை.

அந்த வாவி சூழ்ந்த புளியந்தீவில், போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய கோட்டைக்கும் காந்தி பூங்காவுக்கும் இடைப்பட்ட தெருக்களில், மாலை வேளையில் வீடுகளின் தொலைக்காட்சியிலிருந்தும் கைபேசியிலிருந்தும் வேறொரு குரல் கேட்கிறது. நீல நிறப் பூனை இயந்திரமான டோரேமான் தமிழ் பேசுகிறது. ஐந்து வயதுச் சுட்டிப் பையன் ஷின்-சான் தன் தாயிடம் தமிழில் வாய் காட்டுகிறான். வாளேந்திய வீராங்கனை தமிழில் சூளுரைக்கிறாள். உருவம் ஜப்பானில் வரையப்பட்டது என்பதைப் பிள்ளைகள் அறிவார்கள். அந்தத் தமிழைப் பேசிய பெண் யார், எந்த ஊரில் எந்த அறையில் நின்று பேசினாள் என்பதைப் பிள்ளைகளும் அறியமாட்டார்கள், பெற்றோரும் அறியமாட்டார்கள். தெரியாமல் போனதற்குக் காரணம் ஆர்வக் குறைவு அன்று. அந்தப் பெயர் பெரும்பாலும் அவர்கள் கண்ணில் படும்படி வைக்கப்படுவதே இல்லை.

படத்தில் தோன்றாமல் குரலால் மட்டும் ஒரு பாத்திரத்தை நடித்துக் காட்டுபவரைக் குரல் நடிகை என்கிறோம். ஜப்பானியர் இத்தொழிலைச் ‘செய்யூ’ என்ற தனிச்சொல்லால் அழைத்து நடிப்பின் ஒரு கிளையாகவே போற்றுகின்றனர். சென்னையில் டப்பிங் கலைஞர், பின்னணிக் குரல் கலைஞர் என்ற பெயர்கள் வழங்குகின்றன. இதழ்களில் நெடுங்காலமாகப் புழங்கும் ‘இரவல் குரல்’ என்ற தொடர் இவற்றுள் மிகவும் பொருந்தாதது. இரவல் வாங்கிய பொருள் என்றாவது உடையவரிடம் திரும்பிவிடும். இங்கே கொடுத்த குரல் கொடுத்தவரிடம் ஒருநாளும் திரும்புவதில்லை, அது திரையில் தெரிந்த முகத்தின் சொத்தாகவே கடைசிவரை எண்ணப்படுகிறது.

வட்டக்களரியிலிருந்து வானொலிக்கு

உடல் ஓரிடத்திலும் குரல் வேறோரிடத்திலும் இருந்து ஒரே பாத்திரத்தை உருவாக்குவது மட்டக்களப்புக்குப் புதிதன்று. வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் வட்டக்களரியில் ஆடும் கூத்தர் ஓரடியைப் பாட, மத்தளத்தோடு நிற்கும் அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் அதை ஏற்றெடுத்துப் பாடுவர். ஆடுபவருக்கு மூச்சு வாங்கும் இடத்தைப் பிற்பாட்டு நிரப்பும். ஆனால் மரபுவழி ஆடப்பட்ட அக்களரியில் திரௌபதையும் சுபத்திரையும் ஆண்களாகவே இருந்தனர். பெண்ணின் குரல் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் குரவையிலும் தங்கிவிட்டது.

அந்தக் குரலுக்கு முதலில் கதவு திறந்தது வானொலி. கொழும்பில் 1925 டிசம்பரில் தொடங்கிய ஒலிபரப்பு, இலங்கை வானொலியாக வளர்ந்து, 1967இல் கூட்டுத்தாபனமாக மாறிய காலப்பகுதியில் தமிழ் வானொலி நாடகம் தனிக் கலையாகவே செழித்தது. மேடையேறினால் ஊர் என்ன சொல்லும் என்று அஞ்சிய குடும்பங்களின் பெண்களுக்கு, முகம் தெரியாது என்ற ஒன்றே போதிய பாதுகாப்பாக அமைந்தது எனலாம். ‘வானொலிக் குயில்’ என்று நேயர்கள் அன்போடு அழைத்த இராஜேஸ்வரி சண்முகம் நாடகக் கலைஞராக உள்ளே வந்து, அறிவிப்பாளராக உயர்ந்து, 2012இல் மறையும்வரை பாக்கு நீரிணையின் இருகரையிலும் நினைக்கப்பட்ட பெயராக விளங்கினார். சில்லையூர் செல்வராசன் எழுதிய ‘தணியாத தாகம்’ போன்ற தொடர்கள் ஒலித்த வேளைகளில் குடும்பம் முழுவதும் ஒரு வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்திருந்ததை மூத்த நேயர்கள் இன்றும் நினைவுகூர்கின்றனர்.

இங்கே கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. வானொலி நாடகம் முடிந்ததும் அறிவிப்பாளர் நடித்தவர்களின் பெயர்களை வாசிப்பார். முகம் தெரியாது, ஆனால் பெயர் தெரியும். ஆகவேதான் தென் தமிழ்நாட்டின் சிற்றூரிலிருந்தும் கொழும்புக்கு அஞ்சலட்டை எழுத முடிந்தது. படம் வந்த பின்னர், குரல் முன்னைவிடத் தெளிவாகக் கேட்கும் காலத்தில், அந்தப் பெயர் வாசிப்பு மட்டும் கைவிடப்பட்டது பேரிழப்பாகும்.

சென்னையின் ஒலிப்பதிவு அறை

ஏவி.எம்.மின் கன்னட ‘ஹரிச்சந்திரா’ 1944இல் தமிழ் பேசி வெளிவந்த காலந்தொட்டுச் சென்னை மொழிமாற்றத்தின் தலைநகராக இருந்து வருகிறது. அங்கு இத்தொழில் நடைபெறும் முறையை அறியாமல் அதன் அருமை விளங்காது. படம் சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படும். ஒரு துண்டை ‘லூப்’ என்பர். ஒலி புகாத அறையில் நிற்கும் கலைஞர், காதுக் கருவியில் மூல உரையாடலைக் கேட்டு, திரையில் உதட்டைப் பார்த்து, தாளில் தமிழைப் படித்து, மூன்றையும் ஒரே நொடியில் இணைக்க வேண்டும். ப, ம ஆகிய எழுத்துகளில் இதழ்கள் மூடும் என்பதால், திரையில் வாய் மூடும் இடத்தில் அவ்வெழுத்துள்ள தமிழ்ச்சொல் வந்து விழ வேண்டும். ‘சரி’ என்று எழுதியிருந்தால் அந்த இடத்தில் ‘ஆமாம்’ என்று மாற்ற நேரும். கண்ணாடி வளையலும் கஞ்சி போட்ட பருத்திச் சேலையும் அந்த அறைக்கு ஆகா, ஏனெனில் கை சற்றே அசைந்தாலும் அந்தச் சலசலப்பை ஒலிவாங்கி பிடித்துவிடும். வாய் உலர்ந்தால் நாக்கு ஒட்டிப் பிரியும் ‘சட்’ என்ற ஒலியும் பதிவாகும் என்பதால் தண்ணீர்ப் போத்தல் எப்போதும் அருகில் இருக்கும்.

‘பம்பாய்’ படத்தில் மனிஷா கொய்ராலாவின் தமிழும், ‘இருவர்’ படத்தில் ஐஸ்வர்யா ராயின் தமிழும் நடிகை ரோகிணியுடையவை. ‘ராஜா ராணி’யில் நயன்தாரா அழுதபோது திரையரங்கில் ஒலித்தது தீபா வெங்கட்டின் குரல். ‘96’ படத்தில் த்ரிஷாவின் ஜானுவுக்குப் பேசியவர் சின்மயி. இவர்களுள் ரோகிணியும் தீபா வெங்கட்டும் திரையிலும் தோன்றியவர்கள், சின்மயி பாடகி. ஆகவே இவர்களின் பெயர் வெளியே தெரிந்தது. வேறு முகவரி இல்லாமல் குரலை மட்டுமே நம்பி வாழும் பெண்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. தமிழ்நாடு அரசின் திரைப்பட விருதுகளில் பின்னணிக் குரலுக்கென ஒரு விருது உண்டு. இந்திய தேசிய விருதுகளில் அப்படியொரு பிரிவு இல்லை.

இத்தொழிலின் பலவீனம் எங்கிருக்கிறது என்பதை 2018ஆம் ஆண்டு காட்டிக்கொடுத்தது. கவிஞர் ஒருவர்மீது பாலியல் குற்றச்சாட்டை வெளிப்படையாக முன்வைத்த சில வாரங்களில் சின்மயி டப்பிங் கலைஞர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். சந்தா நிலுவையே காரணம் என்று சங்கம் கூறியது, அவர் அதை மறுத்தார், வழக்கு நீதிமன்றம் சென்றது. 2023இல் ‘லியோ’ படத்தில் த்ரிஷாவுக்கு மீண்டும் தமிழில் பேசினார். எந்தப் பக்கத்து நியாயத்தை ஏற்பவரும் ஒன்றை மறுக்க முடியாது: புகழ்பெற்ற ஒருவருக்கே உறுப்பினர் அட்டை இல்லையேல் ஒலிவாங்கி இல்லை என்ற நிலை வந்தால், பெயர் தெரியாத ஒருத்தி வாய் திறக்கவே அஞ்சுவாள்.

> பெட்டிச் செய்தி: சிறுவனுக்குப் பெண் பேசுவது ஏன்?
>
> ஆணின் குரல்நாண்கள் பேச்சின்போது நொடிக்கு ஏறக்குறைய 110 முதல் 120 தடவையும், பெண்ணின் குரல்நாண்கள் 200 தடவையளவிலும், சிறு பிள்ளையின் குரல்நாண்கள் அதைவிடக் கூடுதலாகவும் அதிர்கின்றன. சிறுவனின் குரல் பதின்மத்தில் உடைந்துவிடும். தொடரோ பல ஆண்டுகள் ஓடும். ஆகவே சிறுவர் குரலுக்கு அண்மையில் உள்ளதும் உடையாததுமான பெண் குரலே ஏற்றது. 1963 ஜனவரி 1இல் தொடங்கிய ‘அஸ்ட்ரோ பாய்’ தொடரில் இயந்திரச் சிறுவன் அட்டமுக்குப் பேசியவர் மரி ஷிமிசு. அவர் பிள்ளைப்பேற்றுக்காக விலகியிருந்த காலத்தில் இன்னொரு பெண் பேசினார். அமெரிக்காவின் பார்ட் சிம்சனுக்கு 1980களின் இறுதியிலிருந்து பேசிவருபவரும் நான்சி கார்ட்ரைட் என்ற பெண்ணே.

ஒரு குரல், ஒரு வாழ்நாள்

ஜப்பானில் அசைபடம் வரையப்பட்ட பிறகே குரல் பதிவாகும்; அதை அவர்கள் ‘அஃப்ரெகோ’ என்பர். ஒரே அறையில் பல கலைஞர்கள் நின்று, தம் முறை வரும்போது இரண்டு மூன்று ஒலிவாங்கிகளில் ஒன்றை நோக்கி ஓசையின்றி நகர்ந்து பேசிவிட்டு விலகுவர். கையிலுள்ள பிரதியின் பக்கத்தைச் சத்தமில்லாமல் புரட்டுவது அங்கே புதிதாக வருபவர் கற்கும் முதற்பாடங்களுள் ஒன்று.

1936இல் பிறந்த மசாகோ நொசாவா, 1986இல் ‘டிராகன் பால்’ தொடரின் கோகு என்ற சிறுவனுக்குப் பேசத் தொடங்கியபோது அவருக்கு வயது 49. கோகு வளர்ந்து வீரனாகி, அவனுக்கு மகன்கள் பிறந்து, அந்த மகன்களுக்கும் அவரே பேசினார். ஒரே காட்சியில் தந்தையும் மைந்தரும் உரையாடும்போது மூன்று குரலும் ஒரே தொண்டையிலிருந்து வந்தன. வீடியோ விளையாட்டில் ஒரு பாத்திரத்துக்கு மிக நீண்டகாலம் பேசியவர் என்று 2017இல் கின்னஸ் அவரைப் பதிந்தது. டோரேமானுக்கு 1979 முதல் 2005 வரை பேசிய நொபுயோ ஓயாமா, பள்ளிப் பருவத்தில் தம் கரகரத்த குரலுக்காகக் கேலிக்கு ஆளானவர். குறையென்று ஒளித்துவைத்தால் அது இன்னும் குன்றும், எடுத்துப் பேசு என்று தாய் தூண்டியதால் குரல் நடிப்புக்கு வந்தவர். 2024இல், 90ஆவது வயதில் அவர் மறைந்தபோது ஒரு தேசமே தன் பிள்ளைப் பருவத்தை இழந்ததுபோல் கலங்கியது. ‘குரல் நல்லா இல்லை, பேசாம இரு புள்ள’ என்று வீட்டுப் பெண்பிள்ளையின் வாயை அடைக்கும் எவரும் ஓயாமாவின் தாயை ஒருமுறை நினைத்துக்கொள்வது நன்று.

வெற்றிக்கு விலையும் உண்டு. ஷின்-சானுக்கு 1992 முதல் பேசிவந்த அகிகோ யாஜிமா 2018இல் தாமே விலகினார். அந்தக் குரலைக் காத்து நிறுத்துவதிலேயே கவனமெல்லாம் போய்விடுவதால் பாத்திரம் இயல்பாக வர மறுக்கிறது என்பது அவர் கூறிய காரணத்தின் சாரம். 26 ஆண்டு பேசிய ஒருவர், மங்கத் தொடங்குமுன் அதைக் கண்டுணர்ந்து இன்னொருவருக்கு வழிவிட்டது, இத்தொழிலில் நேர்மை எவ்வளவு உயரத்தில் வைக்கப்படுகிறது என்பதைக் காட்டும். இன்னொரு பக்கம், அங்கும் புதிதாக வருபவர்களின் ஊதியம் மிகக் குறைவு. அரைமணிநேரத் தொடரின் ஒரு பகுதிக்குக் கடைநிலைக் கலைஞருக்குக் கிடைப்பது 15,000 யென் அளவுதான் என்பதால், பலர் உணவகத்திலும் கடையிலும் வேலை பார்த்துக்கொண்டே வாய்ப்புக்குக் காத்திருக்கின்றனர்.

விளையாட்டில் கேட்கும் அலறல்

வீடியோ விளையாட்டு குரலிடம் கேட்பது வேறு வகை உழைப்பு. அங்கே பெரும்பாலும் பார்த்துப் பேசப் படமும் இல்லை, எதிர்நின்று பேச ஆளும் இல்லை. அட்டவணைத் தாளில் வரிசையாக நூற்றுக்கணக்கான வரிகள் இருக்கும். ஆட்டக்காரர் இடப்பக்கம் போனால் ஒரு வரி, வலப்பக்கம் போனால் இன்னொரு வரி, தோற்றால் ஒன்று, வென்றால் ஒன்று. அவற்றோடு ‘எஃபர்ட்ஸ்’ எனப்படும் முயற்சி ஒலிகள்: அடிபடும் முனகல், உயரத்திலிருந்து விழும் அலறல், தீப்பிடித்து எரியும் கதறல், கழுத்து நெரிபடும் திணறல். இவற்றை மணிக்கணக்கில் திரும்பத் திரும்பக் கத்தும்போது குரல்நாண்கள் ஒன்றோடொன்று மோதி வீங்கி, அவற்றில் முடிச்சு விழுவதும் உண்டு. இரைச்சலான வகுப்பறையில் நாள்முழுதும் கத்திப் பாடம் நடத்தும் ஆசிரியைகளுக்கு வருவதும் இதே நோய்தான்.

இதை எதிர்த்து அமெரிக்கக் கலைஞர்கள் 2016 அக்டோபரில் வேலைநிறுத்தம் தொடங்கி ஏறத்தாழ 11 மாதம் நின்றனர். கத்தும் பதிவுகளை நான்கு மணிநேரத்திலிருந்து இரண்டாகக் குறைக்க வேண்டும் என்பது அவர்கள் கேட்டவற்றுள் ஒன்று. எந்த விளையாட்டுக்குப் பேசுகிறோம் என்பதைச் சொல்ல வேண்டும் என்பது இன்னொன்று. நிறுவனங்கள் மறைபெயர் ஒன்றைத் தந்து பதிவை முடித்துவிடுவதால், தன் குரல் எதில் ஒலிக்கப் போகிறது என்று தெரியாமலே கலைஞர் வீடு திரும்புவதுண்டு. கேட்பவருக்குப் பேசியவர் பெயர் தெரியாது. பேசியவருக்கோ தாம் பேசியது எதற்கென்றே தெரியாது.

ஆளில்லாத குரல்

இப்போது வந்திருக்கும் கேள்வி இவற்றினும் கடுமையானது. சில நிமிடப் பதிவு கையில் இருந்தால், அந்தக் குரலைக் கொண்டு அவர் சொல்லாத சொற்களையும் சொல்லவைக்கச் செயற்கை நுண்ணறிவால் முடிகிறது. தமிழில் இதன் முதல் அதிர்வு இசைவழியே வந்தது: 2024இல் ‘லால் சலாம்’ படப்பாடலில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ.ஆர்.ரகுமான் மீட்டெடுத்தார், குடும்பத்தாரின் ஒப்புதல் பெற்று ஊதியமும் வழங்கியதாக அறிவித்தார். அந்த ஒப்புதலும் ஊதியமும்தான் முறை. ஆனால் ஒப்புதல் கேட்க வேண்டுமானால் இன்னார் குரல் என்பது முதலில் எழுத்தில் இருக்க வேண்டும். பெயரே பதியப்படாத ஒரு டப்பிங் கலைஞரின் குரலை எடுத்தாண்டால், என்னுடையது என்று அவர் எதைக்கொண்டு நிறுவுவார்? பெயர் போடுதல் மரியாதை சார்ந்தது மட்டுமன்று, உரிமைக்கான சான்றாகவும் அது மாறிவிட்டது.

அமெரிக்க வீடியோ விளையாட்டுக் கலைஞர்கள் 2024 ஜூலையில் மறுபடி வேலைநிறுத்தத்தில் இறங்கி, ஒரு குரலின் நகலை உருவாக்க முன்கூட்டியே ஒப்புதல் வேண்டும் என்ற விதியோடு 2025 ஜூலையில் புதிய ஒப்பந்தத்தை நிறைவேற்றினர். ஜப்பானில் 2024 அக்டோபரில் புகழ்பெற்ற 26 குரல் கலைஞர்கள் ஒன்றுசேர்ந்து, அனுமதியற்ற செயற்கை நகல்களை எதிர்த்துப் பரப்புரை தொடங்கினர். தமிழ்க் கலைஞர்கள் பக்கத்திலிருந்து இவ்வளவு உரத்த குரல் இன்னும் எழ வேண்டியிருக்கிறது.

> பெட்டிச் செய்தி: தமிழ் பேசும் ஜப்பான்
>
> ஜப்பானிய மொழியும் தமிழைப் போல வினையைக் கடைசியில் வைக்கும் மொழி. ‘நான் உன்னை விடமாட்டேன்’ என்பதில் அழுத்தம் இறுதியில் விழுவதுபோலவே அங்கும் விழும். வரைந்தவர் முகக் குறிப்பையும் அதற்கேற்பவே வரைந்திருப்பார். ஆங்கிலப் பிரதி வழியாக மொழிபெயர்த்தால் அந்த ஒத்திசைவு குலையக்கூடும். இந்தியாவில் 2025 செப்டம்பர் 12இல் வெளியான ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ தமிழிலும் திரையிடப்பட்டது. இந்திய, ஜப்பானியக் கூட்டு முயற்சியாக 1992இல் உருவான இராமாயண அசைபடம் 2025 ஜனவரியில் தமிழ் பேசித் திரையரங்குக்குத் திரும்பியது.

மட்டக்களப்புத் தமிழுக்கு ஓர் இடம்

தமிழ்ச் சிறுவர் அலைவரிசையான சுட்டி டிவி தொடங்கப்பட்டது 2007இல். கிழக்கில் போர் முடிவுக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். இடப்பெயர்வு கண்டு திரும்பிய வீடுகளின் பிள்ளைகளுக்குக் கார்ட்டூன் பேசிய தமிழ் சென்னைத் தமிழாக இருந்தது. அதில் பிழையில்லை, பேசியவர்கள் தம் ஊர்த் தமிழைப் பேசினார்கள். ஆனால் ‘மறுகா’ என்றும் ‘என்னகா’ என்றும் பேசும் ஒரு பாத்திரத்தை அந்தப் பிள்ளைகள் எந்த அசைபடத்திலும் கேட்டு வளரவில்லை. செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில், பேச்சுத் தமிழ் வகைகளுள் எழுத்துத் தமிழுக்கு மிக அண்மையில் நிற்பது மட்டக்களப்புத் தமிழே என்று 1966இல் எழுதினார். எல்லா ஊருக்கும் விளங்க வேண்டிய மொழிமாற்றத்துக்கு இதனினும் பொருத்தமான நாக்கு எங்கே கிடைக்கும்?

இதற்கான அடிப்படைகள் பல இவ்விடத்திலேயே உள்ளன. க.பொ.த. உயர்தரத்தில் ‘நாடகமும் அரங்கியலும்’ ஒரு பாடம். கல்லடியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகமும் இசையும் பட்டப்படிப்பாகவே பயிலப்படுகின்றன. 1820இல் தொடங்கிய வின்சன்ட் மகளிர் பாடசாலை போன்றவற்றின் மேடைகளில் ஆண்டுதோறும் நாடகப் போட்டி நடக்கிறது. ஒலிப்பதிவும் முன்போல் எட்டாக்கனி அன்று: நல்ல ஒலிவாங்கி ஒன்று, ஒரு மடிக்கணினி, ஆட்டோச் சத்தமும் காகக் கரைச்சலும் புகாதபடி மெத்தையும் கம்பளியும் தொங்கவிட்ட ஒரு சிற்றறை இருந்தால் பயிற்சியைத் தொடங்கிவிடலாம். நாடகத் துறையில் ஒலிவாங்கி நடிப்பைத் தனிப்பாடமாக வைத்து, குரல் நலத்தையும் ஒப்பந்தம் வாசிக்கும் அறிவையும் அதோடு சேர்த்துக் கற்பித்தால், அழகியற் கற்கை முடித்து வேலை தேடி நிற்கும் பெண்களுக்கு ஊரிலிருந்தபடியே ஒரு தொழில் வாய்க்கும்.

இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குக் கனடாவில் பிறந்த மைத்திரேயி இராமகிருஷ்ணன், பிக்சார் நிறுவனத்தின் ‘டர்னிங் ரெட்’ அசைபடத்தில் 2022இல் பிரியா என்ற பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தார். படத்தின் முடிவில் அவர் பெயர் எழுத்தில் ஓடியது. புலம்பெயர் தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையல் வழியே சொல்லி, 2024இல் பாஃப்டா விருது பெற்ற ‘வெண்பா’ என்ற வீடியோ விளையாட்டும் கனடாவிலிருந்தே வந்தது. அதில் தாயும் மகனும் பேசுவது எழுத்தாகத் திரையில் ஓடுகிறது. அடுத்து வரும் தமிழ் விளையாட்டில் அந்தத் தாய் வாய்விட்டுப் பேசுவாளாயின், அவளுக்குக் குரல் கொடுப்பவள் வாவிக் கரையிலிருந்து வரக்கூடாது என்று எந்த விதியும் இல்லை.

அதுவரை வாசகர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிள்ளை பார்க்கும் தமிழ் அசைபடம் முடிந்ததும் உடனே அணைத்துவிடாமல், தமிழ்க் குரல் கொடுத்தவர்களின் பெயர் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் பிள்ளைக்கு அதை வாசித்துக் காட்டுங்கள். ஓடவில்லையெனில், ஒளிபரப்பிய அலைவரிசைக்கோ தளத்துக்கோ இரண்டு வரி எழுதி, பேசியவர் யார் என்று கேளுங்கள்.